மின்தடை அன்று மட்டும் வேலை செய்த கார் ரிமோட்

புகார்

வண்டி 2016 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். சாவி, இரண்டு பட்டன் உள்ள ஃப்ளிப் கீ. உரிமையாளர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கோவை சரவணம்பட்டி பக்கம் மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றில் இருக்கிறார். வண்டி நிற்பது கட்டடத்துக்கு அடியில், தூண்களுக்கு நடுவே. ரிமோட்டை அமுக்கினால் கதவு திறப்பதில்லை, பூட்டுவதும் இல்லை, இண்டிகேட்டர்கூட மினுக்குவதில்லை. சாவியைக் கதவில் விட்டுத் திருகினால் திறக்கிறது. வண்டியும் உடனே ஸ்டார்ட் ஆகிறது.

செல்லை மாற்றிப் பார்த்துவிட்டார். பீரோவில் கிடந்த மாற்றுச் சாவியை எடுத்து அதிலும் புது செல் போட்டுப் பார்த்திருக்கிறார். அதுவும் கேட்கவில்லை. சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டதற்கு, வண்டிக்குள் ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் வீக் ஆகிவிட்டது, கதவுப் பூட்டு, விளக்கு போன்றவற்றை இயக்கும் பாடி கண்ட்ரோல் மாட்யூலையும் சாவியையும் சேர்த்தே மாற்றிவிடலாம் என்று ஐந்து இலக்கத்தில் எஸ்டிமேட் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டுதான் என் கடைக்கு வந்தார்.

கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அமுக்கிக் காட்டினார். நான்கு இண்டிகேட்டரும் பளிச்சென்று எரிந்து அணைந்தன. மனிதருக்கு முகமே சுருங்கிவிட்டது.

“வீட்டுல செத்துக் கெடக்குதுங்க தம்பி. இங்க வந்தா நல்ல புள்ளையாட்டம் வேலை செய்யுது. நான் என்னமோ கதை சொல்றேன்னு நெனச்சுக்காதீங்க.”

“இல்லைங்க சார், நீங்க சொல்றதுலதான் விஷயமே இருக்குது. வீட்டுல எப்பவுமே வேலை செய்யறதில்லைங்களா?”

“கண்ணாடிக்குப் பக்கத்துல கொண்டு போய் அமுக்குனா ஒண்ணு ரெண்டு தடவ எடுக்கும். அப்புறம் போன வாரம் ஷட்டவுன் அன்னிக்கு நாள் பூரா நல்லா இருந்துச்சுங்க. சரி, தானா சரியாயிருச்சுன்னு இருந்தேன். மறுநாள் மறுபடியும் அதே கதை.”

இந்த வரியை அவர் போகிற போக்கில்தான் சொன்னார். சர்வீஸ் சென்டரில் இதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஜாப் கார்டில் எழுதுவதற்கு இடமும் கிடையாது. ஆனால் பழுதின் பாதி விடை அதில்தான் இருந்தது.

சாவிக்குள் இரண்டு ஆட்கள்

‘வண்டி ஸ்டார்ட் ஆகுது, அப்போ சாவி நல்லாத்தான் இருக்கு’ என்று பலரும் சொல்கிறார்கள். அப்படிச் சொல்ல முடியாது. சாவியின் பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஸ்டார்ட் செய்ய அனுமதி கொடுப்பது இம்மொபிலைசர் சிப். அதற்கு செல்லே தேவையில்லை. இக்னிஷன் துவாரத்தைச் சுற்றி ஒரு காயில் இருக்கும். சாவியை நுழைத்துத் திருப்பியதும் அந்தக் காயில் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் துடிக்கிற காந்தப் புலத்திலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். சில வண்டிகளில் இது 134 கிலோஹெர்ட்ஸ். எட்டும் தூரம் சில சென்டிமீட்டர்தான்.

கதவைத் திறக்கிற ரிமோட் வேறு ஆள். அது செல்லில் ஓடுகிற குட்டி டிரான்ஸ்மிட்டர். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 315-ஐ ஒட்டி. ஜப்பானிலிருந்து இலங்கைக்கு இறங்கும், ஏற்கெனவே ஓடிய ரீகண்டிஷன் வண்டிகளின் சாவியும் அந்தப் பக்கத்துக் கணக்குத்தான். இங்கே கிடைக்கும் 433 ரிமோட்டை வாங்கி அனுப்பினால் அங்கே பயன்படாமல் போவது அதனால்தான்.

ஆக, ஸ்டார்ட் ஆகிறது என்பதை வைத்து ரிமோட்டைப் பற்றி நல்லதோ கெட்டதோ எதுவும் சொல்ல முடியாது. அதற்கு மாறாக, இரண்டு சாவியும் ஒரே நாளில் கைவிட்டன என்பது நிறையச் சொல்கிறது. ஒன்று பீரோவில் தூங்கியது, இன்னொன்று தினம் பையில் போனது. இரண்டும் சேர்ந்து பழுதாக வாய்ப்பு மிகக் குறைவு. பழுது வண்டியிலோ, சாவிக்கும் வண்டிக்கும் நடுவில் உள்ள காற்றிலோதான் இருக்க வேண்டும். வண்டியில் இருந்தால் என் கடையிலும் வேலை செய்யக் கூடாது. மிச்சம் இருப்பது காற்று.

இருந்தாலும் சாவியைப் பார்த்துவிட வேண்டும்

கழித்துக் கழித்துத்தான் வர வேண்டும் என்பதால் சாவியிலிருந்தே ஆரம்பித்தேன். முதலில் செல். சிஆர்2032 செல்லை மல்டிமீட்டரில் வைத்து 3 வோல்ட் காட்டியதும் ‘நல்ல செல்’ என்று முடிவு கட்டுவது ஒரு பழக்கமாகிவிட்டது. மீட்டர் செல்லிலிருந்து மின்சாரமே எடுப்பதில்லை. பழைய செல்லின் உள் மின்தடை ஏறிப்போயிருக்கும். சும்மா இருக்கும்போது 2.9, 3.0 என்று காட்டும், பட்டனை அமுக்கி டிரான்ஸ்மிட்டர் பத்துப் பதினைந்து மில்லி ஆம்பியர் கேட்கும்போது சரிந்துவிடும். நான் ஒரு 220 ஓம் ரெசிஸ்டரை மீட்டரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே வைத்து அளப்பேன். சுமார் 13 மில்லி ஆம்பியர் ஓடும், ரிமோட் கேட்கிற அளவுக்குச் சமம். நல்ல செல் 2.8-க்குப் பக்கத்தில் நிற்கும். 2.5-க்குக் கீழே இறங்கினால் குப்பைக்கூடைதான். இவர் கொண்டுவந்த இரண்டு செல்லும் கெட்டியாக நின்றன.

செல்லின் அளவையும் பார்த்தேன். 2032 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம். கடைக்காரர் 2025-ஐ எடுத்துக் கொடுத்து ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்று சொல்வது உண்டு. வோல்ட் ஒன்றுதான்; கனம் 0.7 மில்லிமீட்டர் குறைவு. கிளிப் பிடிக்காமல் ஆடும், ரிமோட் நினைத்தபோது வேலை செய்யும். இங்கே அந்தச் சிக்கலும் இல்லை.

அடுத்தது, சாவி உண்மையில் ஒலிபரப்புகிறதா என்பது. செல்போன் கேமராவை எதிரே வைத்து பட்டனை அமுக்கிப் பாருங்கள் என்று ஒரு வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது அகச்சிவப்புக் கதிரில் ஓடும் டிவி ரிமோட்டுக்குச் சரி, சில பழைய ஐரோப்பிய வண்டிகளின் சாவிக்குச் சரி. இன்றைய கார் சாவி ரேடியோ. கேமராவில் ஒன்றும் தெரியாது. சாவியில் உள்ள சிவப்பு எல்இடி எரிவதும் சாட்சி ஆகாது. பட்டன் அமுங்கியது என்றுதான் அது சொல்லும்; ஆன்டெனாவிலிருந்து அலை போனது என்று சொல்லாது.

என்னிடம் லேப்டாப்பில் சொருகுகிற யுஎஸ்பி குச்சி ஒன்று இருக்கிறது. டிவி பார்ப்பதற்காக விற்கப்பட்ட மலிவுச் சாதனம், உள்ளே ஆர்டிஎல்2832யு என்ற சிப். 2012 வாக்கில்தான் இதைக் கொண்டு பல அலைவரிசைகளைத் திரையில் பார்க்கலாம் என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். உள்ளே அலைவரிசையைப் பிடிக்கிற ட்யூனரைப் பொறுத்து ஏறக்குறைய 24 மெகாஹெர்ட்ஸ் முதல் 1,700 வரை எட்டும். அதை 433.5-ல் வைத்தேன். சரியாக 433.92-ல் வைக்காததற்குக் காரணம் உண்டு. சில குச்சிகள் திரையின் நட்டநடுவில் தாமாகவே ஒரு பொய்க்கோடு காட்டும். அதை நிஜ சிக்னல் என்று நம்பிவிடக் கூடாது. இரண்டு சாவியையும் அமுக்கினேன். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் பட்டை பட்டையாக எழுதிவிட்டுப் போயின.

வழக்கமாகச் சந்தேகப்பட வேண்டியவை இன்னும் இரண்டு. ஒன்று, எண் தவறிப்போவது. ரிமோட் ஒவ்வொரு அமுக்கலுக்கும் வேறு எண்ணை அனுப்பும். போன தடவை அனுப்பியதை ஒருவன் பதிவுசெய்து திரும்ப ஒலிபரப்பினாலும் வண்டி மதிக்காது. தென்னாப்பிரிக்காவில் உருவாகி 1990-களில் மைக்ரோசிப் நிறுவனத்துக்கு விற்கப்பட்ட கீலாக் இந்த வகையில் பேர்போன முறை. வீட்டுக் குழந்தைகள் வண்டி இல்லாத இடத்தில் சாவியை அமுக்கி விளையாடினால் சாவியின் கணக்கு முன்னே ஓடிவிடும். கீலாக்கில் வழக்கமாக 16 எண் வரை வித்தியாசத்தை ரிசீவர் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் அடுத்தடுத்து இரண்டு முறை அமுக்கிச் சேர வைக்கலாம். இன்னொன்று, சாவி இக்னிஷனிலேயே இருக்கிறது என்று வண்டி தப்பாக நினைப்பது. துவாரத்துக்குள் இருக்கும் குட்டி ஸ்விட்ச் சிக்கிக்கொண்டால் பல வண்டிகள் ரிமோட்டை மதிக்காது. அடையாளம் சுலபம்: சாவியைக் கையில் வைத்துக்கொண்டு டிரைவர் கதவைத் திறந்தாலும் ‘சாவியை எடு’ என்று பஸ்ஸர் கத்தும். இந்த இரண்டில் எது இருந்தாலும் கடை வாசலிலும் வண்டி மறுத்திருக்கும். எனவே இரண்டையும் தள்ளிவிட்டேன்.

வண்டி நிற்கும் இடம்

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். தூண்களுக்கு நடுவில் வண்டியை அதே இடத்தில் நிறுத்தச் சொல்லி, லேப்டாப்பை பானெட் மேல் வைத்தேன். சாவியை யாரும் தொடவே இல்லை, திரையில் 433.9-ஐ ஒட்டி மேலிருந்து கீழே ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது. விட்டுவிட்டு வரவில்லை. கொஞ்சமும் அறுபடாத ஒரே கோடு.

433-ஐ ஒட்டிய இந்தப் பட்டை யாருடைய தனிச்சொத்தும் இல்லை. குறைந்த திறன் கருவிகள் உரிமம் இல்லாமல் ஓடலாம் என்று விட்டு வைக்கப்பட்ட இடம். இந்தியாவில் 433 முதல் 434 மெகாஹெர்ட்ஸ் வரை, உச்சம் 10 மில்லி வாட். வயர்லெஸ் காலிங் பெல், கேட் ரிமோட், மோட்டார் ரிமோட், டயர் பிரஷர் சென்சார், கார் சாவி எல்லாம் இங்கேதான் குடியிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கணம் பேசிவிட்டு வாயை மூடிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் இந்த ஏற்பாடே ஓடுகிறது. ஒன்று மட்டும் வாயை மூடாமல் நின்றுவிட்டால், பக்கத்தில் உள்ளவை எல்லாம் செவிடாகிவிடும். கெட்டிமேளம் முழங்கும்போது காதருகே குனிந்து பேசினால்தான் கேட்கும், இரண்டு நாற்காலி தள்ளி நின்றால் உதடு அசைவதுதான் தெரியும்; சாவியின் நிலைமையும் அதுதான். கண்ணாடியோடு ஒட்டி அமுக்கினால் சாவியின் அலை எதிராளியின் அலையை மிஞ்சிவிடும், கதவு திறக்கும். ஐந்தாறு அடி தள்ளி நின்றால் முடிந்தது.

கண்ணாடிக்குப் பக்கத்தில் வேலை செய்தது இதனால்தான். சர்வீஸ் சென்டர்க்காரர்கள் அதைத்தான் ‘ரிசீவர் வீக்’ என்று படித்திருக்கிறார்கள். உண்மையிலேயே ரிசீவர் வீக்காக இருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் வளாகத்திலேயே தூரத்திலிருந்து ரிமோட் வேலை செய்ததைப் பார்த்துவிட்டும் அதையே எழுதியதுதான் எனக்குப் புரியவில்லை.

இனி அந்த வாயைக் கண்டுபிடிக்க வேண்டும். ஷட்டவுன் நாளில் ரிமோட் வேலை செய்தது என்பதால், அது கரண்டில் ஓடும் சாதனம். பேட்டரியில் ஓடுவது இல்லை. மின்வாரியம் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க நிறுத்தியபோது அதுவும் நின்றிருக்கிறது. இன்வெர்ட்டர் லைனிலும் இல்லை, இருந்தால் ஓடியிருக்கும். ஆக, வீடுகளுக்குள் இருக்கும் இன்வெர்ட்டர் பாயிண்டுகள் போக, பொது லைனில் தொங்குவதைத்தான் முதலில் தேட வேண்டும்.

இந்த மின்தடைச் சோதனை எல்லா இடத்திலும் கைகொடுக்காது. 2019 ஏப்ரல் கடைசியில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கிளீவ்லாந்துக்குப் பக்கத்து நார்த் ஓல்ம்ஸ்டெட் என்ற ஊரில், சில தெருக்களில் கார் சாவிகளும் கராஜ் கதவு ரிமோட்டுகளும் மொத்தமாகச் செயலிழந்தன. ஊர்க்காரர்கள் என்னென்னவோ சந்தேகப்பட்டார்கள். கடைசியில் காரணம், ஒருவர் வீட்டில் தானே செய்துவைத்த ஒரு சாதனம். அவர் அடித்தளத்தில் இருக்கும்போது மேலே யாராவது வந்தால் தெரிவிப்பதற்காகச் செய்தது. இடைவிடாமல் 315 மெகாஹெர்ட்ஸில் அலையை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. செய்தவருக்கே அது தெரியாது. அது பேட்டரியில் ஓடுவது. நம்ம ஊர் ஷட்டவுன் அங்கே வந்திருந்தாலும் அது பேசிக்கொண்டேதான் இருந்திருக்கும்.

மேலே, மேலே

சிக்னலின் மூலத்தை மோப்பம் பிடிக்கும்போது நல்ல ஆன்டெனா உதவாது, தொந்தரவுதான் செய்யும். பக்கத்தில் போகப் போகத் திரை முழுக்க நிறைந்து எந்தப் பக்கம் என்றே தெரியாமல் போய்விடும். ஆன்டெனாவைக் கழற்றி, கெயினையும் (சிக்னலைப் பெருக்கிக் காட்டும் அளவு) குறைத்துக்கொண்டு நடக்க வேண்டும். நம் உடம்பே நல்ல மறைப்பு. லேப்டாப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றினால், மூலம் முதுகுப் பக்கம் வரும்போது கோடு மங்கும்.

தரைத் தளத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. படிக்கட்டில் கால் வைத்ததும் ஏறியது. முதல் மாடியில் இன்னும் கொஞ்சம். இரண்டாம் மாடியில் கெயினை மறுபடி குறைக்க வேண்டியிருந்தது. மொட்டை மாடிக் கதவைத் திறந்ததும் அதற்கு மேல் குறைக்க இடமில்லை.

கூடவே வந்த வாட்ச்மேன் அப்போதுதான் வாயைத் திறந்தார். “தொட்டி ஆட்டோ வேலை செய்யறதில்லைங்க. மழை பேஞ்சதுல இருந்தே இப்படித்தான். நான்தான் மோட்டாரைப் போட்டுப் போட்டு நிறுத்திட்டு இருக்கேன்.” மழை எப்போது பெய்தது என்று கேட்டேன். ரிமோட் கெட்டுப்போனதாகச் சார் சொன்ன அதே வாரம்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் சோப்பு டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று கீழே சம்ப்புக்குப் பக்கத்தில் உள்ள ஸ்டார்ட்டர் பெட்டிக்கு வயர் இல்லாமல் சொல்லும் சாதனம். படிக்கட்டு அறையில் உள்ள பிளக்கிலிருந்து அடாப்டர் வழியாக அதற்குக் கரண்ட். ஒயர் நுழையும் ஓட்டை பெட்டியின் மேல் பக்கம்! மழைத்தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே இறங்க இதைவிட நல்ல வழி செய்ய முடியாது. திருகைக் கழற்றி மூடியை எடுத்தேன். அடியில் விரல்கடை அளவுக்குத் தண்ணீர், ஓரத்தில் எறும்பு முட்டை, போர்டின் கால்வாசிப் பக்கம் பச்சைக் களிம்பு. டிரான்ஸ்மிட்டர் மாட்யூல் கட்டைவிரல் நகம் அளவுதான், மூன்று பின். தகவல் வரும் பின்னில் விட்டுவிட்டுத் துடிப்பு வர வேண்டும். மீட்டரை வைத்தால் ஆடாமல் அசையாமல் முழு வோல்டேஜ் நின்றது. களிம்பு அந்தப் பின்னையும் பக்கத்துப் பவர் லைனையும் ஒன்றாகச் சேர்த்திருந்தது. மாட்யூலுக்கு அதன் அர்த்தம் ஒன்றுதான்: பேசிக்கொண்டே இரு.

கீழே சாரை போனில் கூப்பிட்டு, வண்டியிலிருந்து கேட் வரை தள்ளிப் போய் நின்று அமுக்கச் சொன்னேன். ஒன்றும் இல்லை. அடாப்டரைப் பிடுங்கினேன். திரையில் கோடு அறுந்து, வெறும் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. “இப்ப அமுக்குங்க சார்.” மூன்று மாடிக்குக் கீழே லாக் விழுகிற சத்தம் மொட்டை மாடிவரை கேட்டது. மறுபடி சொருகினேன், கோடு வந்தது, ரிமோட் நின்றது. பிடுங்கியதும் சரியாவது மட்டும் எனக்குப் போதாது. சொருகியதும் மறுபடி கெட வேண்டும். அப்போதுதான் காரணம் அதுதான் என்று எழுதுவேன்.

சரிசெய்தது

பெட்டியைக் காயவைத்துச் சுத்தம் செய்து திரும்பப் போட்டுத் தரவா என்று அசோசியேஷன் செயலாளர் கேட்டார். வேண்டாம் என்றேன். களிம்பு ஏறிய போர்டு அடுத்த மழைக்கு மறுபடி இதே வேலையைச் செய்யும். தொட்டியிலிருந்து ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் குழாய் இறங்குகிற டக்ட் இருக்கிறது. அதிலேயே ஒரு கேபிளை இறக்கி, தண்ணீர் மட்டத்தோடு மிதந்து இயங்கும் ஃப்ளோட் ஸ்விட்ச் மாட்டினால் வேலை முடிந்தது. மூன்று மாடிக்கு வயர்லெஸ் எதற்கு என்பது என் கட்சி. வயர்லெஸ்தான் வேண்டும் என்றால் ஒயர் அடிப்பக்கத்திலிருந்து ஏறுகிற மாதிரி, ஒயர் நுழையும் ஓட்டையை இறுக்கி அடைக்கும் ரப்பர் கிளாண்ட் வைத்த மழைப்பெட்டியில் போடச் சொன்னேன். அவர்கள் கேபிளைத்தான் இறக்கினார்கள்.

சாருடைய சாவியை நான் பிரித்ததெல்லாம் செல்லைப் பார்க்கத்தான். எஸ்டிமேட் தாளை எடுத்துக் காட்டி, “இதுக்கு என்னங்க தம்பி பண்றது?” என்றார். காரணத்தைச் சொல்லி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடச் சொன்னேன்.

அதே கட்டடத்தில் இரண்டாம் மாடிக்காரருக்கும் இதே தொல்லை இருந்திருக்கிறது. செல்லை மாற்றி மாற்றி அலுத்து, ரிமோட்டையே மறந்து சாவியால் திறந்துகொண்டிருந்தார். பெட்டி நின்றதும் இவர் வண்டியும் சரியாகிவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். ஆகவில்லை, அமுக்கினால் மூன்று முறைக்கு ஒருமுறைதான் எடுத்தது. இந்தச் சாவியைத் திரையில் பார்த்தால் பட்டை சில தடவை பாதியிலேயே வெட்டுப்பட்டது. பிரித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். செல்லைப் பிடிக்கிற கிளிப்பின் ஒரு கால் போர்டில் உட்காரும் இடத்தில் ஈயத்தைச் சுற்றி மயிரிழை வளையம்: டிரை சால்டர், அதாவது ஈயப் பற்று விட்டுப்போன இணைப்பு. செல்லை அடிக்கடி நெம்பி எடுத்ததில் விட்டிருக்கிறது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, ஃபிளக்ஸ் தடவிப் புதிதாக வைத்தேன். கேட்டுக்கு வெளியே தெருவில் நின்று அமுக்கிப் பார்த்தார், திறந்தது. அவரிடம் சால்டர் வேலைக்கு மட்டும் காசு வாங்கினேன். மொட்டை மாடி ஏறி இறங்கியதற்கு அசோசியேஷன் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.